மூன்றாம் பக்கத்து நியூட்ரினோப் பிழை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வெடிக்கும் விண்மீன்களைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் நான் ஆற்றிய உரையின் அச்சுப்படி தங்களிடம் இருக்கக்கூடும். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை உள்ளது. அதை நான் கண்ட விதத்தையும், கண்டபின் நடந்ததையும் இப்போது நிம்மதியான மனத்துடன் எழுதுகிறேன்.

நான் ஆறாண்டுகளே பள்ளியில் படித்தவன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றேன். அறிவியல் யாவும் நூலகத்தில் இரவல் பெற்ற நூல்களிலிருந்து, அகராதியின் துணையோடு கற்றது. பட்டம் பெறாதவர் அறிவியல் பேசலாமா என்று உறுப்பினர் ஒருவர் தயங்கியது என் காதுக்கும் எட்டியிருந்தது. முதல் உரையிலேயே தவறினால் மறுமுறை அழைக்கமாட்டார்கள் என்பதை அறிந்திருந்தேன்.

நியூட்ரினோ மிக நுண்ணிய துகள். அதில் மூன்று வகைகள் உண்டு. ஒரு வகையாகப் புறப்பட்டது வழியிலேயே வேறு வகையாக மாறும். பூமியையே ஊடுருவிச் செல்லும் இத்துகள்கள் ஒன்றையொன்று எங்கே பாதிக்கப்போகின்றன என்று நானே முடிவு செய்துகொண்டேன். வெடிக்கும் விண்மீனுக்குள்ளும் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே வகை மாறுகிறது என்று எழுதி, நாற்பது படிகள் எடுத்து, உறுப்பினர்களுக்கு முன்னதாகவே அனுப்பிவைத்தேன். எந்த நூலிலும் அவ்வாறு சொல்லப்படவில்லை.

உரை நாளன்று காலை ஈசூனில் மனைவியுடன் ரயில் ஏறினேன். கையில் புதிதாக இரவல் எடுத்த நூல் இருந்தது. பெரிய விண்மீனின் நடுப்பகுதி நொறுங்கும்போது நியூட்ரினோக்கள் அளவற்ற நெருக்கத்தில் பொங்கி வெளியேறுகின்றன. அந்நெருக்கத்தில் ஒன்றின் மாற்றம் மற்றவற்றைச் சார்ந்திருக்கிறது. அவை கூட்டமாகவே வகை மாறக்கூடும் என்று அதில் கண்டிருந்தது. அதே பத்தியை மூன்று முறை படித்தேன்.

"என்னங்க, மூஞ்சியே சரியில்ல? ஸ்டேஷன் தாண்டிட்டோமா?"

"பேப்பர்ல தப்பா எழுதிட்டேன்."

"யாரு அதப் படிக்கப் போறா? வடையத் தின்னுட்டு அதுலயே கையத் தொடைச்சிடுவாங்க."

"முன் வரிசைல அந்த பிசிக்ஸ் டீச்சரம்மா இருப்பாங்க."

மனைவி சற்று யோசித்தார். "அப்ப அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க லா."

சிராங்கூன் சாலையில், கடைகளுக்கு மேலிருந்த கூடத்தை அடைந்தபோது எல்லார் கையிலும் அச்சுப்படி இருந்தது. வணக்கம் கூறியதும், மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியது தவறு என்றேன். ஆளில்லாத காலையில் இச்சாலையில் நாம் விரும்பியபடி நடக்கிறோம். தீபாவளிக்கு முதல்நாள் நம் நடையை முன்னும் பின்னும் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். நொறுங்கும் விண்மீனுக்குள் நியூட்ரினோக்களின் நிலை அதுதான் என்று விளக்கினேன். ஒரு வகை பிறவற்றைவிட எளிதாகச் சுற்றியுள்ள பொருளில் சிக்கி அதைச் சூடாக்குவதால், துகள்கள் எவ்வளவு வகை மாறுகின்றன என்பது வெடிப்பையே பாதிக்கலாம் என்றும் சொன்னேன்.

ஓய்வுபெற்ற அந்த இயற்பியல் ஆசிரியை கையை உயர்த்தினார்.

"அப்படிக் கூட்டமா மாறுனா, ஐயா, நட்சத்திரம் வெடிக்கிறதுக்கு உதவுமா, தடுக்குமா?"

"தெரியலைங்கம்மா."

"எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் கணக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. தெரியும்னு சொல்லிடுவீங்களோன்னுதான் பயந்தேன்."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். மீதிப் பக்கங்களை அவசரமின்றிப் படித்து முடித்தேன். தயங்கிய உறுப்பினரே தேநீர் வேளையில் வந்து, அடுத்த உரைக்கு என்ன தலைப்பு என்று கேட்டார். மனைவி அதற்குள் இரண்டாவது வடையை எடுத்திருந்தார்.

அச்சுப்படிகளைத் திரும்பப் பெற இயலவில்லை. ஆதலால், தங்களிடம் உள்ள படியோடு இக்குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.