கிளப் அனுப்பும் என்றார் வாப்பா

பல்லேகலையில் கிரிக்கெட் மேச் நடக்கும் நாளில், கண்டியிலிருந்து அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலை அங்குள்ள கைத்தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. அப்படியான நாள்களில் ஊரே கிரிக்கெட் பேசும். எங்கள் வீட்டில் மட்டும் வாப்பா இத்தாலி உதைபந்தாட்டம் பேசுவார். கிரிக்கெட் மைதானம் இருக்கும் திசையில் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. "நிண்டு நிண்டு விளையாடுறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் நானா. எனக்கு அண்ணன் என்று இருப்பவர் அவர் ஒருவர்தான். உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப்போன அடுத்த வருடம் இத்தாலிக்குப் போனார். வடக்கே ஒரு நகரம். அந்த நகரத்துக்குப் பேர்பெற்ற உதைபந்தாட்டக் கிளப் ஒன்று உண்டு. போன புதிதில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆளில்லாத மைதானத்தில், வரிசை வரிசையான ஆசனங்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கிறார். இங்கேதான் வேலை என்றார். ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆளாக, மேச் முடிந்து சனம் போன பிறகு ஆசனங்களுக்கடியில் கிடக்கும் கோப்பைகளையும் கடதாசிகளையும் கூட்டி அள்ளுகிற வேலை. அதை என்னிடம் சொன்னார். வாப்பாவிடம் மைதானத்தில் வேலை என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை வாப்பா தானே நிரப்பிக்கொண்டார்: மகனைக் கிளப் வேலைக்கு எடுத்திருக்கிறது.

டவுனில் வாப்பாவுக்கு ஒரு சின்னச் சப்பாத்துக் கடை இருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டினார். பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வந்தவர்கள், அளவு பார்த்து முடிவதற்குள் இத்தாலிக் கிளப்பின் முழு வரலாற்றையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். சில பேர் அந்தத் தொல்லைக்காகவே பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள் என்று நான் சந்தேகப்பட்டதுண்டு. திங்கட்கிழமைகளில் நானா பேசும்போது வாப்பாவின் முதல் கேள்வி, "எங்கட ஆக்கள் வெண்டாங்களா?" என்பதாகத்தான் இருக்கும். சாப்பிட்டாயா, சுகமா என்பதெல்லாம் பிறகு வரும்.

அந்தக் கிளப் வெல்வதற்கு வாப்பா ஒரேயொரு காரணம்தான் சொல்வார்: வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். ஒரு நோன்பில், பாங்கு சொல்வதற்காகக் காத்திருந்த நேரத்தில், பதினொரு பேரீச்சம்பழங்களைத் தட்டில் பரப்பி எனக்குப் பாடம் நடத்தினார். கோல் காப்பவர் இன்ன நாடு, பின்னால் நிற்கும் இருவர் தென்னமெரிக்கா, முன்னால் ஓடுகிறவர் ஆப்பிரிக்கா என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பக்கம் வைத்தார். தட்டில் உள்ளூர் ஆட்டக்காரர்களாக மூன்றுதான் மிஞ்சின.

"இந்த மூணு பேரையும் வச்சிக்கிட்டு வெல்ல ஏலுமா? செல்லு பாப்பம்."

"வாப்பா, நீங்க வெளிநாட்டு ஆக்கள எல்லாம் உங்கட பக்கம் எடுத்துட்டீங்க. எனக்குத் திங்க மூணுதான் ஈக்கி," என்றேன்.

அவர் சிரித்தார். நான் விடவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்ன வயதிலிருந்து அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, அந்தக் கிளப்பிலேயே பழகிய பெடியன்கள் வரிசையாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை நானும் வாப்பாவின் தொலைபேசியில் பார்த்திருக்கிறேன். குளிரில் கழுத்துவரை இழுத்து மூடிய மேலங்கியோடு, விளையாடக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அந்த ஊர்ப் பெடியங்கட கதி என்ன? அவங்களையும் ஒரு தாய்தானே பெத்த?"

வாப்பா யோசிக்கக்கூட இல்லை. "அவங்க எப்பவும் ஈக்கிற ஆக்கள்தானே மகள்," என்றார்.

பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறந்தோம். எப்பவும் இருக்கிற ஆள் நானும்தான். கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற வேலை இருந்தது, அதைப் பார்த்தேன்.

வாப்பாவுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. கிளப்பின் முன்னணி ஆட்டக்காரர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர். போட்டிகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவருடைய தாய்க்குக் கடும் நோய் என்று செய்தி வந்தது. கிளப் அன்றைக்கே விமானம் ஏற்பாடு செய்து ஊருக்கு அனுப்பி வைத்தது. தாய் தேறும்வரை நின்றுவிட்டு வா என்று சொல்லியும் அனுப்பினார்களாம். அவர் திரும்பி வந்து விளையாடிய நாளில் மைதானம் முழுவதும் எழுந்து கைதட்டியதை நானா வேலைக்குக் காத்திருந்தபடி தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தப் பெருமையில் வாப்பாவுக்கு அதைச் சொன்னார். வாப்பா திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு தானே எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். பள்ளிவாசலில், கடையில், முடி வெட்டும் இடத்தில் என்று அந்தக் கதை சுற்றாத இடமில்லை.

அந்தக் கதை வாப்பாவின் உயிரோடு விளையாடும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

கடைப் படியில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று தொடங்கியது. பிறகு நெஞ்சு இறுக்கம். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். தொழிற்சாலையில் லீவு கேட்டுக் கேட்டு மேற்பார்வையாளரின் முகம் என்னைக் கண்டாலே மாறும் அளவுக்குக் கூட்டிப்போனேன். இரத்தக் குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யவேண்டும் என்றார்கள். நாளும் கிடைத்தது. வாப்பா டாக்டருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைக்காரனின் தெளிவான சிங்களத்தில், மகன் வந்த பிறகுதான் செய்வேன் என்றார். மகன் எங்கே என்று டாக்டர் கேட்டார். இத்தாலியில், கிளப்பில் என்றார் வாப்பா. கிளப் அனுப்பும் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது விளக்கமும் சொன்னார். "அவங்க வெளிநாட்டு ஆக்கள நல்லாப் பாக்கிறவங்க மகள். அந்தக் கறுத்த பெடியன்ட உம்மாக்கே பிளேன் குடுத்தாங்க. நானாவ விடாமலா ஈப்பாங்க? நீ போன் எடுத்து நானாட்ட செல்லு, கிளப்புல செல்லச் செல்லி."

அன்று பின்னேரம் நானாவோடு தனியாகப் பேசினேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. களைத்த குரலில் பேசினார்.

"யாரிட்டச் செல்ற தங்கச்சி? கிளப்புல என்ட பேர் தெரிஞ்ச ஒரு ஆள் இல்ல. நான் கிளப்புட ஆளும் இல்ல, கொந்தராத்துக்காரன்ட ஆள். விசாப் பேப்பரும் புதுப்பிக்கக் குடுத்து ஈக்கி. இப்ப வெளியே போனா உள்ளுக்கு வர ஏலா. நான் போனா அடுத்த நாளே இன்னொருத்தன் விளக்குமாத்தோட நிப்பான்."

"அப்ப அத வாப்பாட்ட நீங்களே செல்லுங்க நானா."

"செல்றன்," என்றார். அடுத்த திங்கட்கிழமை வாப்பா கேட்டபோது, "பாக்கிறன் வாப்பா, கேட்டுப் பாக்கிறன்," என்றார். வாப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டி, பார்த்தாயா என்பதுபோலத் தலையசைத்தார். சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த நாள் அந்த வாரத்திலேயே வந்தது. நாங்கள் வீட்டில் இருந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நானா என்ன வேலை செய்கிறார், யாருக்குச் செய்கிறார், ஏன் வர முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆட்டக்காரர் ஒரு கோல் போட்டால் கிளப்புக்குக் கோடி கோடியாய் வருகிறது, அதனால் விமானம் கொடுக்கிறார்கள். நானா கூட்டுகிற குப்பையை யாரும் கூட்டலாம், அதனால் கொடுக்க மாட்டார்கள் என்றேன். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த நாளில் சொல்லியிருக்க மாட்டேன்.

வாப்பாவின் முகம் இறுகிவிட்டது. "உனக்கு எப்பவும் நானாவில ஒரு எரிச்சல்," என்றார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார், நான் எடுத்துக் கொடுத்த மருந்துக் குளிசைகளைப் போட்டார், நான் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பேச்சு மட்டும் இல்லை. எரிச்சல் இருந்தது உண்மைதான். அது நானாவின் மேல் இல்லை. இரவும் பகலும் பக்கத்தில் நிற்கிறவள் கண்ணுக்குத் தெரியாமல், கடல் கடந்து இருக்கிறவனுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த மனிதரின் மேல் இருந்தது. அவரை விட்டால் எனக்கும் வேறு யாரும் இல்லை. அந்தப் பயமும் கூடவே இருந்தது.

டாக்டர் இன்னொரு நாள் தந்தார். சில மாதங்கள் தள்ளி. இந்தமுறை வாப்பா மறுப்புச் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. போவாரா, மாட்டாரா என்று தெரியாமலே நான் தொழிற்சாலையில் லீவுக்குச் சொல்லிவைத்தேன். உடுப்புப் பையும் கட்டினேன்.

அந்த நாள் வருவதற்கு முன்பே போய்விட்டார். ஒரு காலை, சுபஹ் தொழுதுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தவர், "தேத்தண்ணி கொஞ்சம் சாயம் கூட ஊத்து மகள்," என்றார். பல நாள்களுக்குப் பிறகு என்னை மகள் என்று கூப்பிட்டது அப்போதுதான். மனதுக்குள் ஒரு சந்தோசத்தோடு ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். எங்களில் மையித்தை அடக்காமல் அதிக நேரம் வைத்திருப்பதில்லை. மாமாமார் வந்தார்கள், பள்ளிவாசலில் அறிவித்தார்கள், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. நானா தொலைபேசியில், நாளைவரை வைக்க ஏலாதா என்று கேட்டார். நாளைவரை வைத்தாலும் அவர் வரமுடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாமா, "வேணாம் மகன், வாப்பாவக் கஷ்டப்படுத்த வேணாம்," என்றார்.

வாப்பாவைக் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்தேன். தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. நான் வீட்டுக்குள் பெண்களோடு இருந்தேன். சுற்றிவர யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கிளினிக்குக்கும், வார்ட்டுக்கும், மருந்துக் கடைக்கும், பஸ்ஸுக்கும் அவரைப் பிடித்துக்கொண்டு போன நான், வாசலோடு நின்றுவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன்.

அந்தி மஃரிபுக்குப் பிறகு நானா எனக்கு அழைப்பு எடுத்தார். மாமாவின் மகன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, அடக்கம் செய்ததை முழுவதும் அவருக்குக் காட்டியிருக்கிறான். வேலைக்கு நடுவில், விளக்குமாறுகளும் வாளிகளும் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாராம். சொல்லும்போது தேம்பினார். ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளி நிறைந்திருந்ததைச் சொன்னார். வாப்பாவின் கடைக்கு வந்து போனவர்கள் பலரின் முகங்களைக் கண்டதாகச் சொன்னார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"நானா, எந்தப் பக்கம் வச்சாங்க?"

"உள்ளுக்குப் போய் இடது கைப்பக்கம். மதிலோரமா."

"உம்மாக்குக் கிட்டவா?"

"இல்ல, கொஞ்சம் எட்ட. அங்க இடமில்லயாம். ஒரு பலாமரம் தெரிஞ்ச. அதுக்குக் கீழ."

"மண் ஈரமா ஈந்த?"

"ஓம். தூத்தல் விழுந்த. சிவப்பு மண். தலைமாட்டில மீசான் பலகை நட்டு, தண்ணி ஊத்தினாங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கபுறுக் குழி ஆழமா, முதல் பிடி மண்ணை யார் போட்டது, பலாமரத்தின் நிழல் காலையில் விழுமா, பின்னேரம் விழுமா என்றுகூடக் கேட்டேன். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைப் படத்தில் பார்க்க முடியவில்லை என்றார். மையவாடி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் வாப்பா எந்த மூலையில் கிடக்கிறார் என்பதை, இத்தாலியிலிருந்து நானா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.