ஆவுடைநாயகம் திருப்பிக் கொண்டுவந்த டார்ச்சுகள்

ஒரு மனிதர் வாங்கிய டார்ச் லைட்டை எத்தனை தடவை திருப்பிக் கொண்டுவரலாம்? என் கடையில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே ஒரு தடவை. அதுவும் அட்டைப்பெட்டி கிழியாமல், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். ஆவுடைநாயகம் அண்ணாச்சி போன சீசனில் மட்டும் மூன்று டார்ச்சுகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றும் தொப்பலாக நனைந்திருந்தன. அட்டைப்பெட்டியைக் கேட்டால், அதை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

என் பெயர் நாசர். ஷார்ஜாவில் பதினோரு வருஷம் எலக்ட்ரிக்கல் கடையில் நின்றுவிட்டு, தென்காசியில் சொந்தமாகக் கடை போட்டவன். ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்டது டார்ச்தான். அதனால் டார்ச் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் இந்த மனிதர்தான்.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தேழு. கீழப்பாவூர்ப் பக்கம் நெல் போட்டுக்கொண்டிருந்தவர். வயல் பங்காளிகளுக்குள் துண்டு துண்டாகப் போனபிறகு ரைஸ் மில்லில் வாட்ச்மேன், பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கும் வேலை. எதையுமே அளவோடு செய்யத் தெரியாது. பைக் ஸ்டாண்டில் இருந்தபோது ஒரு டயரில் காற்று குறைந்திருந்தால் போதும், வண்டிக்காரரை விடமாட்டார். பஞ்சர் கடைக்குப் போவேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் வழி கிடைக்கும். ஆட்கள் எரிச்சல்பட்டு வேறு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். அவருடைய மனைவி பாலம்மாள் ஒருநாள் என் கடையிலேயே சொன்னார்: “அடுப்புல பாலப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னா, பொங்குததுக்குள்ள நாலு தடவ அணைச்சிருவாரு தம்பி. எங்க வீட்டுல பாலு காயுததே கெடையாது.”

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கிடைத்த வேலை, குற்றாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்து அருவியில் காவல். தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். அதன் மேனேஜர் விஜயசங்கர் என் கடைக்கே சண்டைக்கு வந்துவிடுவார். முப்பது அடி உயர அருவி. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இரும்புக் கம்பி. பக்கத்தில் உயரமாக ஒரு சிமெண்ட் மேடை. அந்த மேடையில் நின்று அருவியின் உச்சியைப் பார்ப்பதுதான் அண்ணாச்சியின் வேலை. மேலே காட்டில் மழை பெய்து வெள்ளம் வந்தால் மூன்று நீள விசில். எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

“சத்தத்த நம்பக் கூடாது பாய்,” என்று முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார். “சத்தம் கேக்கும்போது தண்ணி தலைக்கு வந்திரும். நெறத்தப் பாக்கணும். மொதல்ல டீத்தண்ணி மாதிரி லேசாக் கலங்கும். பொறவு செத்தை வரும். பொறவுதான் கட்டையும் கல்லும். அந்தக் கலங்கலுக்கும் கட்டைக்கும் நடுவுல சில நாளு அஞ்சு நிமிஷம் கெடைக்கும். சில நாளு அதுவும் இல்ல.”

பகலில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பொழுது சாய்ந்ததும்தான் தொல்லை. குளிப்பவர்களுக்காகக் கீழே ஒரு பெரிய போகஸ் லைட் எரியும். அந்த வெளிச்சத்தில் கீழே இருப்பதெல்லாம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், மேலே உச்சி கும்மிருட்டாகக் கிடக்கும். அதற்குத்தான் டார்ச். நல்ல டார்ச்சாகக் கேட்டார், நானும் கடையிலேயே பிரகாசமானதைக் கொடுத்தேன். கூல் ஒயிட், ஆறாயிரத்து ஐநூறு கெல்வின், நீலம் கலந்த வெள்ளை.

மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். “அடிச்சா முன்னால வெள்ளைச் செவரு எழும்பி நிக்கி பாய். சாரலத் தவிர ஒண்ணத்தையும் காணோம்.”

சரி, சாரல் புகைக்கு மஞ்சள் வெளிச்சம்தான் நல்லது என்று எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். வார்ம் ஒயிட், மூவாயிரம் கெல்வின். அட்டைப்பெட்டியில் மழையில் போகும் ஒரு காரின் படம்கூட இருந்தது. அந்த நம்பருக்கே அரைமணி நேரம் வழக்கு.

“ஆறாயிரம் கூலு, மூவாயிரம் சூடா? நம்பரு கூடுனா சூடு கூடணுமா கொறையணுமா?”

“அது அப்படித்தான் அண்ணாச்சி. இரும்பக் காய்ச்சினா மொதல்ல செவக்கும், இன்னும் காய்ச்சினா வெள்ளையாகும். நம்பர் அந்தச் சூட்டுக்கு. பேரு நம்ம கண்ணுக்கு.”

“அப்ப பேரு வச்சவன் காய்ச்சுனவன்ட்ட கேக்கவே இல்லையா?”

கடையில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். பேர் வைத்தவனை நான் எங்கே போய்த் தேடுவது? டார்ச்சைக் கையில் திணித்து அனுப்பினேன்.

மஞ்சள் வெளிச்சத்தில் தண்ணீரெல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்பது பதினோரு வருஷம் விளக்கு விற்ற எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எட்டு நாளில் மூன்று தடவை விசில் அடித்துவிட்டார். மூன்று தடவையும் பளிங்கு மாதிரித் தண்ணீர். முதல் தடவை ஜனங்கள் பயந்து ஓடினார்கள். இரண்டாம் தடவை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றாம் தடவை உடம்பெல்லாம் எண்ணெயோடு ஒரு ஆள் மேடைக்கே ஏறிவந்து, “இந்த எண்ணெயோட நான் எப்படிவே பஸ் ஏறுவேன்?” என்று கேட்டிருக்கிறார். விஜயசங்கர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை சும்மா அடிச்சீங்கன்னா, விசிலை மேஜையில வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுங்க.” ஐம்பத்தேழு வயதில் அடுத்து எந்த வாசலில் போய் நிற்பது? இனி பொய்யாக அடித்தால் வேலை போகும். அதற்குப் பயந்து அடிக்காமல் விட்டால் உயிர் போகும்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எண்ணெய்க்கார ஆள் மாதிரி நடித்தும் காட்டினேன். அரை ஊர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது என்றால் அதற்குக் காரணம் நான்தான்.

அடுத்ததாக, வளையத்தைத் திருகினால் மஞ்சளிலிருந்து வெள்ளைவரை மாறும் டார்ச் ஒன்றைக் கொடுத்தேன். வேண்டியதை அவரே வைத்துக்கொள்ளட்டும், என்னை விட்டால் போதும் என்று. நாலே நாள். “திருகத் திருகத் தண்ணியும் நெறம் மாறுது பாய். தண்ணி மாறுதா, லைட்டு மாறுதான்னு எனக்கே வெளங்கல,” என்று மேஜையில் வைத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று ராத்திரி ஷார்ஜாவில் இருக்கும் பழைய சிநேகிதன் யஹ்யாவுக்குப் போன் போட்டேன். அவனுக்கு டார்ச் என்றால் பைத்தியம். “புகைக்கு மஞ்சள்னு யாருலே சொன்னா?” என்று அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். “சாரல் எந்தக் கலரடிச்சாலும் திருப்பித்தான் அடிக்கும். டார்ச்ச மொகத்துக்கிட்ட பிடிக்காம, கைய நீட்டித் தள்ளிப் பிடிக்கச் சொல்லு. நெறம் தெரியணும்னா நடுவாந்தரமா ஐயாயிரம் கெல்வின் எடு. ஆனா அது மட்டும் பத்தாது, நெறத்த நெறமாக் காட்டுத நல்ல எல்இடி வேணும். பளிச்சுன்னு இருக்கான்னு பாத்து வாங்காதே.” நான் பதினோரு வருஷமும் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் விற்றிருக்கிறேன்.

அப்படி ஒரு டார்ச்சை வரவழைக்க ஒரு வாரம் ஆனது. செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வந்தார். கையில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் அருவித் தண்ணீர், இன்னொன்றில் போன மாத வெள்ளத்தின் முதல் கலங்கல். ஆமாம், வெள்ளத்தில் பாட்டிலை நீட்டிப் பிடித்து வைத்திருக்கிறார். பட்டப்பகல் பதினொரு மணிக்கு என்னைக் கேட்காமலேயே ஷட்டரை முழுசாக இறக்கி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார். டியூப் லைட் வாங்க வந்த மெஹர் பானு அக்கா உள்ளே மாட்டிக்கொண்டார்.

“ஷட்டரத் தெறங்க அண்ணாச்சி! இது கடையா, சினிமாக் கொட்டகையா?”

“ரெண்டே நிமிஷம் பாய். யம்மா, நீங்க சொல்லுங்க, இதுல எது கலங்கல்?”

இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. பாட்டில்களை நன்றாகக் குலுக்கி, ஷெல்ப்பில் இருந்த ஒவ்வொரு டார்ச்சையும் அடித்துக் காட்டச் சொன்னார். மஞ்சளில் அக்கா, “ரெண்டுமே கலங்கல்தான்,” என்றார். நீல வெள்ளையில், “ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு,” என்றார். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாகப் புதிய ஐயாயிரத்தை அடித்தேன். கேட்பதற்கு முன்பே அக்கா இடது பாட்டிலைத் தொட்டார். அண்ணாச்சி பாட்டில்களை இடம் மாற்றி வைத்தார். அக்கா வலது பாட்டிலைத் தொட்டார். ஆறு தடவை மாற்றினார், ஆறு தடவையும் சரி. “இந்த டார்ச் பொய் சொல்லாது அண்ணாச்சி, இதுக்கு நான் ஜவாப்தாரி,” என்று சத்தியம் செய்து அனுப்பினேன்.

அந்த வாரம் சனிக்கிழமை என் மனைவி சாஜிதா பிடித்த பிடியில், மகள் சஃப்ரினையும் கூட்டிக்கொண்டு அதே அருவிக்குப் போனோம். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு சீசன் முடியப்போகிறது, ஒருநாள்கூடக் குளிக்கவில்லை என்று சாஜிதாவுக்குக் கோபம். பொழுது மயங்கிப் போகஸ் லைட் போட்டுவிட்டார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பெண்கள் பக்கம் போனார்கள். நான் பத்துப் பன்னிரண்டு ஆண்களோடு நடுத் தண்ணீரில் தலையைக் கொடுத்து நின்றேன். ஒரு வாரத்து எரிச்சலெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

விசில் கேட்டது. மூன்று நீள விசில்.

பக்கத்தில் நின்றவர் வாசுதேவநல்லூர்க்காரர். “என்ன விசிலு?” என்று கேட்டார். இரண்டு பேர் அதற்குள் படிவரை போய்விட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல, வாங்க வாங்க!” என்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன். “அந்த அண்ணாச்சிக்கு டார்ச் கோளாறு. எப்பவும் இப்படித்தான் அடிப்பாரு. எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்.” அவர்கள் திரும்பி வந்து தண்ணீருக்குள் நின்றார்கள். அண்ணாந்து பார்த்தேன். போகஸ் லைட்டில் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

மறுபடியும் மூன்று விசில். “டார்ச் கோளாறு” என்று மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். எந்த டார்ச்? செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த டார்ச். அது பொய் சொல்லாது என்று அந்த இடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“வெளிய போங்க! நெசமாத்தான்! ஓடுங்க!” என்று கத்தினேன்.

வாசுதேவநல்லூர்க்காரர் சிரித்தார். “இப்பத்தானவே ஒண்ணுமில்லன்னீரு?”

பேச நேரமில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், முதுகில் தள்ளினேன், ஒருவரை அறைந்தேன் என்றுகூட நினைக்கிறேன். தோளில் ஏதோ விழுந்தது. செத்தை. அதைப் பார்த்தபிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். கடைசி ஆள் படியேறும்போது அந்தச் சத்தம் வந்தது. நாங்கள் நின்ற இடத்தில் கம்பியைக் காணவில்லை, வெறும் செந்தண்ணீர். அதில் ஒரு மரக்கிளை எழும்பி எழும்பிப் போனது.

“சாஜிதா! சஃப்ரின்!” என்று பைத்தியக்காரன் மாதிரி ஓடினேன். இரண்டு பேரும் ஈரத்துணியோடு கேட் பக்கத்தில் நின்றார்கள். முதல் விசிலுக்கே வந்துவிட்டார்களாம். “விசிலடிச்சா வெளிய வரணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் சாஜிதா. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி மேடையிலிருந்து இறங்கி வந்தார். கையை நீட்டி, டார்ச்சை முகத்துக்கு எட்டத் தள்ளிப் பிடித்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். மூச்சு இரைத்தது.

“பாய், நீரும் இங்கனதான் நின்னீரா? ஒண்ணு கேக்கணும். படி வரைக்கும் வந்த ரெண்டு பேரு திரும்ப உள்ள போனத மேல இருந்து பாத்தேன். எதுக்குப் போனாங்கன்னு வெளங்கல. விசிலு அங்கன வரைக்கும் கேக்கலையோ? இன்னும் பலமா அடிச்சிருக்கணுமோ?”

பொய்யாக எதையாவது சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் என் பதிலுக்காகக் குனிந்து நின்றார்.

“நல்லாத்தான் கேட்டுச்சு அண்ணாச்சி,” என்றேன். “அவங்களத் திரும்பக் கூப்பிட்டது நான்தான்.”