காருக்கு அடியில் ஓர் இரைச்சல்

பழைய கார் வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த இரைச்சல் எனக்குக் கேட்டுவிட்டது. மரக்காணத்தைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும்போது வேகம் கூடினால், அடியிலிருந்து ஒரே சீராக 'ம்ம்ம்' என்று எழும். கணவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பேன்.

"என்னங்க, சத்தம் வருதில்ல?"

"ஒண்ணும் இல்லியே. சும்மா வாம்மா."

டயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். போகவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே ஓட்டினேன். சாலை வலப்பக்கம் வளைந்தபோது இரைச்சல் கூடியது, இடப்பக்கம் வளைந்தபோது அடங்கியது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தின் மேல்தானே விழும்? மெக்கானிக்கிடம் அதைத்தான் சொன்னேன். நானும் கணவரும் பக்கத்தில் நிற்க, அவர் இடது முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். அதே இரைச்சல்.

"ஆமாக்கா, பேரிங் போயிடுச்சு. உப்புக் காத்து வேற."

புது பேரிங் போட்டதும் கார் அமைதியாகிவிட்டது. திரும்பும் வழியில் கணவரிடம், "இப்ப வித்தியாசம் தெரியுதா?" என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தார். மறுபடி உரக்கக் கேட்டேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்லம்மா. மெக்கானிக் சக்கரத்தச் சுத்தினாரே, அப்பகூட கேக்கல."

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. காது டாக்டரைப் பார்க்க நேரே புதுச்சேரிக்குப் போனோம். கணவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று தெரியாமலே, வழி முழுக்க நான் எதையாவது பேசிக்கொண்டே வந்தேன்.