கூட்டம் ஊற்றடிக்குப் போனது

போன வாரம் பச்சைமலைக்குப் போயிருந்தேன். துறையூரில் பஸ் மாறி, மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு... வருவாய்த் துறையில் ரிட்டயர் ஆன ஸ்ரீரங்கத்து ஆசாமிக்கு இதெல்லாம் தேவையா? என் மனைவியும் இதையேதான் கேட்டாள்.

மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர் அது. ஊருக்கு மேலே ஓர் ஊற்று, அதற்கு மேலே காடு. அந்தக் காட்டுக்குள் அவர்கள் கோடாலி எடுத்துப் போவதில்லை — எந்த அரசாணையும் இல்லாமலே. இப்போது அங்கே சுற்றுலா காட்டேஜ் கட்டலாமே என்று ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. முந்திக்கொள்ள ஒரே வழி, காட்டைக் காக்கும் உரிமை தங்களுக்கே என்று வன உரிமைச் சட்டப்படி ஊரார் மனுப் போடுவது. அதற்குக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும்.

சபைத் தலைவி செல்லம்மாள் போனில் சொல்லியிருந்தார்: "சட்டம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும் சார். சட்டத்த மட்டும் சொல்லுங்க. முடிவ நாங்க சொல்லிக்கறோம்."

சுருக்கென்றது. ஆனாலும் தீர்மானத்தை நானே டிராஃப்ட் செய்து எடுத்துக்கொண்டுதான் போனேன். பழக்கதோஷம்!

பள்ளிக்கூடத்தில் கூட்டம். போனால் நான், ஓர் இளம் அதிகாரி, நாலைந்து ஆண்கள். பெண்கள்? ஒருவர்கூட இல்லை.

"கோரம் இல்ல சார். பாதிப் பேராவது வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். அடுத்த மாசம் வச்சுக்கலாம்" என்றார் அதிகாரி. விதி சரிதான். ஆனால் காட்டேஜ் யோசனை அடுத்த மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா?

அப்போது முழங்கால் வரை சேற்றோடு வந்தார் செல்லம்மாள்.

"என்னம்மா, ஊத்தக் காப்பாத்த மீட்டிங். யாருமே வரலையே?" என்றேன்.

"ஊத்தக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க சார், எப்படி வருவாங்க?"

ராத்திரி மழையில் ஊற்றில் மண் சரிந்துவிட்டதாம். அப்படிச் சரிந்தால் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது தூர்வாரப் போகவேண்டும். சேதி சொல்ல ஒருவர் வரலாமே தவிர, தண்ணீர் தெளியும்வரை வேறு யாரும் ஊருக்குள் இறங்கி வரக்கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

காவலில் நிற்பவரைக் கீழே இறக்கி, 'நீ காவலாளிதான் என்பதை நிரூபி' என்று கேட்பது — இது நம் சர்க்கார் வழக்கம்.

"நீங்க மேல வாங்களேன். நடக்கிற தூரந்தான்" என்றார் செல்லம்மாள்.

"நோட்டீஸ்ல பள்ளிக்கூடம்னு இருக்கும்மா..." அதிகாரி என்னைப் பார்த்தார். இதற்காகத்தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன்!

"கூட்டத்த இங்க தொடங்குங்க. ஒத்திவைங்க. இன்னைக்கே ஊத்தடியில தொடர்றதா எழுதுங்க. கூரைக்குக் கீழதான் கூடணும்னு எந்த விதியும் கிடையாது."

"அப்ஜெக்‌ஷன் வந்தா சார்?"

"என் பேரைச் சொல்லுங்க. பென்ஷனையா நிறுத்திடப் போறாங்க?"

ஊற்றுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாதாம். அதிகாரி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார், நான் செருப்பை. மேலே பெண்கள் கூடைகூடையாக மண்ணை வார, ஆண்கள் சுமந்துபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லம்மாள் குரல் கொடுத்ததும் அப்படியே சுற்றி உட்கார்ந்தார்கள்.

என் டிராஃப்டை வாங்கி வாசித்தார். 'பணிவுடன் வேண்டுகிறோம்' என்ற இடத்தில் நின்றார்.

"எங்க காட்டுக்கு நாங்க எதுக்கு சார் வேண்டணும்?"

அடித்துவிட்டு அவரே சொல்ல, அதிகாரி எழுதினார்: இதுவரை நாங்கள் காத்தோம், இனியும் நாங்களே காப்போம். இருபது வரி டிராஃப்ட் காலி. எனக்குத் துளி வருத்தமில்லை... சரி, துளி இருந்தது.

"சம்மதம்னா கையத் தூக்குங்க!"

சேறு சொட்டச் சொட்ட அத்தனை கைகளும் எழுந்தன. அதிகாரி எண்ணினார். பாதியைத் தாண்டியாயிற்று, அதிலும் பெண்களே அதிகம். தீர்மானம் நிறைவேறுகிறது!

திடீரென்று செல்லம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கையக் கீழ போடுங்க. நீங்க எங்க ஊர் இல்ல."

என் சர்வீஸ் முழுக்கத் தேடினாலும், விதியை இவ்வளவு சரியாக அமல்படுத்திய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.