அறுபத்தெட்டுப் படி வசனம்

கையில் பத்து லிட்டர் தண்ணீர்க் கேன், வாயில் வசனம். படிக்கு ஒரு சொல்லாக ஏறிக்கொண்டிருக்கிறார் வசன அக்கா. இரண்டாம் மாடித் தையல்காரர் தலையை நீட்டுகிறார்.

"இன்னிக்கு யாரு சாகுறாக்கா?"

"யாரும் சாகல தம்பி. மலை ஏறுறா."

நான்காம் மாடிக்கு அறுபத்தெட்டுப் படிகள். அங்கே வீடியோ கேம் செய்யும் அலுவலகம். ஆறு வருடம் நான்கு மாதமாக அதற்கு வசனம் எழுதுவதால் 'வசன அக்கா'. வயது நாற்பத்தேழு. கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். சுமை தூக்குகிறவர் பேசும் வரியைச் சுமையோடுதான் சொல்லிப் பார்ப்பார். மூச்சு நின்ற இடத்தில் அந்தப் பென்சிலால் வரியை வெட்டுவார். "குளிக்கிறப்பவும் யாரோடம்மா சண்டை?" என்று கணவர் கதவைத் தட்டுவதுண்டு.

இப்போதைய விளையாட்டில் ஒரு மலை வழிகாட்டி. ஆடுபவர் ஆணையோ பெண்ணையோ தேர்ந்துகொள்ளலாம். அக்கா ஆணுக்கு எழுதி முடித்திருந்தார். பெண்ணுக்குத் தனியாக எதற்கு என்று, வந்தான் வந்தாளாகும்படி, 'ஆன்' என்பதையெல்லாம் 'ஆள்' ஆக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். திரையில் அந்தப் பெண் நிமிர்ந்து நின்று, "நாள்தாள் வழிகாட்டி" என்றாள். அலுவலகமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"சொல்லோட வாலை மாத்தினா ஆளு மாறிடுமா சார்? அவன்கிட்ட 'வழி தெரியுமா'ன்னு கேக்குற, மலை ஏற வந்த பெரியவரு, இவகிட்ட 'ஆம்பிளைங்க யாரும் வரலையா'ன்னுல்ல கேப்பாரு?"

மேலாளருக்கு அது பிடித்துப்போனது. அதுதான் வினை. அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பெண்மையின் பெருமையைப் பதினொரு வரியில் அவரே எழுதிவிட்டார்.

"கை தட்டுவாங்கக்கா. நாலு மணிக்குக் குரல் பதிவு. பதிஞ்சிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"தட்டுவாங்க. அதுக்கப்புறம் அவள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

பெரியவர் கேள்விக்கு அக்கா எழுதியிருந்ததோ ஒரே வரி: "மூச்ச மிச்சம் வைங்க பெரியவரே, மேடு இருக்கு."

"இதுல பொண்ணு எங்கக்கா இருக்கா?"

"மலையில இருக்கா சார்."

மணி மூன்று பத்து. அக்கா மேற்கொண்டு வாதாடவில்லை. மேலாளரைக் கீழே அழைத்துப்போய், நிரப்பிய கேனைக் கையில் கொடுத்தார். "உங்க வரிதானே. சொல்லிக்கிட்டே ஏறுங்க."

மேலாளர் கணீரென்று தொடங்கினார். நான்காவது வரியில் குரல் இழுத்தது. முப்பத்தொன்றாம் படியில் கேனை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். தையல்காரரின் தலை நீண்டது.

"இன்னிக்கு சார் சாகுறாராக்கா?"

இரண்டு படி மேலே நின்ற அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மேலாளரிடம் நீட்டினார்.