மழைக்காட்டில் ஒரு கொசு

என் மகனுக்குப் படிப்பதற்கு இப்போது ஒரு காடு வேண்டும். செல்போனில் 'மழைக்காட்டு ஓசை, எட்டு மணி நேரம்' என்று எதையோ போட்டு மேசைமேல் வைத்துக்கொள்கிறான். கவனம் சிதறாதாம். மழை பெய்கிறது, தவளை கத்துகிறது, எங்கோ ஒரு பறவை கூப்பிடுகிறது. எல்லாம் வடிகட்டின டீ மாதிரி சுத்தம். நான் துணி மடித்துக்கொண்டே ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பேன். வராது. அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டுமானால் என் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியாக வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். தாவரவியல் முடித்த கையோடு, எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் ஒரு மாடியறையில் இயங்கிய சின்ன அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டை அறிமுகப்படுத்த வேண்டும். பள்ளிக்கு மூன்று வகுப்புகள். கையில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரும் ஒரு தகரப் பெட்டியும். பெட்டிக்குள் விதைகள், பாசி பிடித்த மரப்பட்டை, புட்டியில் ஊறும் அட்டை, இவற்றைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை. இன்றைக்கும் பாச்சை உருண்டை வாசனை வந்தால் எனக்குச் சிங்கவால் குரங்குதான் ஞாபகம் வருகிறது.

எல்லாம் இருந்தது. நான்தான் அந்தக் காட்டை மிதித்ததே இல்லை. விழுப்புரம் தாண்டினாலே பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஆள் நான்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளி, ஆறாம் வகுப்பு, ஐம்பது பிள்ளைகள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, துணி பறக்கக்கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிடுவேன். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டும். "காட்லயும் இப்பிடித்தான் புழுங்கும்" என்று சமாளிப்பேன். நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை என்று பிற்பாடு தெரிந்தது.

முதல் வகுப்பில், குரலைத் தாழ்த்தி, "மழைக்காடு ரொம்ப அமைதியா இருக்கும். ஒரு சத்தமும் கேக்காது" என்றேன். எனக்கென்ன தெரியும்? நான் பார்த்த ஸ்லைடு எதுவும் வாய் திறந்ததில்லை.

முன்பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். பெயர் நத்தாலி.

"இல்ல மிஸ், ரொம்ப சத்தமா இருக்கும். எங்க பப்பா போன் பண்ணா தவள கத்துறதுதான் கேக்கும். அவரு பேசுறதே கேக்காது."

"பப்பா எங்க இருக்காரு?"

"பிரான்ஸ்ல, மிஸ். சொல்தா."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் தெருவிலேயே நாலு பேர் உண்டு. நாலு வீட்டு ஹாலிலும் பெரிய கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் நிற்கிற போட்டோ இருக்கும். அந்தப் போட்டோக்களை நம்பி, "பிரான்ஸ்ல ஏதும்மா மழைக்காடு? அங்க பனிதான் கொட்டும்" என்று சிரித்தேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த முறை போனபோது நத்தாலி கடைசிப் பெஞ்சில் இருந்தாள். "அவ பேரு இப்ப தவள, மிஸ்" என்றான் நடுவிலிருந்த ஒரு வாயாடி. "அவங்க அப்பா சொல்தாவே இல்லியாம். சும்மா புளுவுறா." கயிறு திரித்தது நான், பட்டம் கிடைத்தது அவளுக்கு. வெட்கமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் மிஸ்ஸுக்கு மரியாதை ஏது?

மூன்றாவது வகுப்பு ஐப்பசியில். நத்தாலி நேராக வந்து என் மேசைமேல் ஒரு கேசட்டை வைத்தாள். "பப்பா அனுப்புனாரு மிஸ். லீவுல வந்த அங்கிள் கொண்டாந்தாரு." என் முகத்தையே பார்த்தாள்.

காலைப் பிரேயருக்கு வைத்திருந்த டேப்ரெக்கார்டரில் போட்டேன். முதலில் தகரக் கூரையில் மழை. அப்புறம் தவளைகள், நூறா ஆயிரமா தெரியாது. நடுவே எதுவோ அடிவயிற்றிலிருந்து உறுமியது. கடைசிப் பெஞ்சு வீரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் 'பட்' என்று ஒரு அடி.

"சீ! சனியன் புடிச்ச கொசு!"

அச்சு அசல் நம்மூர்க் குரல். வகுப்பு வெடித்துச் சிரித்தது. குரல் தொடர்ந்தது: "நத்தாலி கண்ணு, கயான்ல இருந்து பப்பா பேசுறேன். இது தென் அமெரிக்காவுல இருக்குது. ஆனா இதுவும் பிரான்சுதான்னு ஒங்க மிஸ்ஸுகிட்ட சொல்லு. இங்க பனியெல்லாம் கெடயாது. இப்ப உறுமுச்சுல்ல, அது கொரங்கு. எப்ப ஊருக்கு வருவேன்னு தெரியல. மழ வுட்டா போன் பண்றேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டேப்ரெக்கார்டரை நிறுத்தினேன். "நத்தாலி சொன்னதுதான் சரி. நாந்தான் தெரியாம தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

"பரவால்ல மிஸ்" என்றாள் அவள், பெரிய மனுஷி மாதிரி. "நீங்களுந்தான் காட்டுக்குப் போனதில்லியே."

எப்படிக் கண்டுபிடித்தாளோ! ஐம்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. "நெசமாவா மிஸ்? போனதே இல்லியா?"

"இல்ல" என்றேன். தகரப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"அப்ப இங்க இருக்குற தவளயாவது கேக்கலாம், வாங்க மிஸ்" என்றான் அந்த வாயாடிப் பயல். பள்ளிக்குப் பின்னால் காலிமனைகளில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். ஐம்பது பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக, மூச்சுக் காட்டாமல் நின்றோம். முதலில் ஒன்று தொடங்கியது, பிறகு மனை முழுவதும் கத்தித் தீர்த்தது. நத்தாலிதான் முன்னால் நின்றாள். "எங்க பப்பாவோட தவள இன்னும் சத்தமா கத்தும்" என்றாள். "ஆமா" என்றது வகுப்பு.

அந்த மனைகளில் இப்போது அடுக்குமாடி வீடுகள். புரொஜெக்டர் எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ. நத்தாலி அம்மாவுடன் அவள் பப்பாவிடமே போய்விட்டதாகக் கேள்வி. கேசட்டும் அவளோடு போயிருக்கும். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நானும் மேற்கு மலைக் காட்டுக்கு நாலு முறை போய், அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து வந்துவிட்டேன். காடு காது கிழியக் கத்துகிறது.

இன்று மதியம் மகன் வழக்கம்போலக் காட்டைப் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தான். மழை, தவளை, பறவை. மறுபடியும் மழை, தவளை, பறவை. பொறுக்கமுடியாமல் என் கையில் நானே 'பட்' என்று ஓங்கி ஒன்று வைத்தேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏசி ரூம்ல ஏதும்மா கொசு?"