அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு

எங்கள் குடித்தனம் ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம்.

குன்னூரில் ஒரு தேயிலை வியாபார ஆபீசில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் பஸ் பிடித்து, எஸ்டேட் கேட்டில் இறங்கி, மூச்சு வாங்கப் படியேறி, குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டும்போது ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அதே எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் வேலை. அரைத்துப் புளிக்க வைத்த இலையைச் சுடுகாற்றில் காய வைத்துத் தூளாக்குகிற மெஷின் அது. சீசனில் அவருக்கு இரவு ஷிப்ட். ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். காலையில் அவர் திரும்பும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமையை அவர் தூங்கியே தீர்ப்பார். ஒரே மகள், கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

சோற்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பவும் வழியில்லை. டிரையர் இருக்கிற பக்கம் சாப்பாட்டு வாசமே வரக் கூடாது, தூள் சட்டென்று இழுத்துக்கொள்ளும் என்பார். நடுவில் வெளியே ஷெட்டில் ஒரு டீ, ஒரு பன். ஆகவே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் விடியும்வரை தாங்க வேண்டும். அந்த ஐம்பது நிமிஷத்தில் நாற்பதை அடுப்படியில் தொலைத்தால், மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேச பத்துதான் மிஞ்சும். எனக்குச் சமையலில் பெரிய ஆசை எல்லாம் கிடையாது. எனக்கு அந்த மிச்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அடுப்படி அலமாரியை நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது நான் வறுப்பேன், அரைப்பேன், டப்பாவில் அடைப்பேன். ரவையும் சேமியாவும் வறுத்தே இருக்கும். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, அவல், அப்பளம், சுண்டை வற்றல் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். அரிசியையும் துவரம்பருப்பையும் அளவாகக் கலந்து ஒரு டின். காலையில் அதில் ஒரு கிளாஸ் எடுத்து ஊற வைத்துவிட்டால், சாயங்காலம் தாளித்துக் கொட்டிக் குக்கரை மூட வேண்டியதுதான். ஊற வைக்காவிட்டால் இந்தக் குளிரில் பருப்பு வேகாது. கீழே கோபியில் எங்கள் அம்மா வீட்டில் மூன்று விசிலில் குழைகிற பருப்பு, இங்கே ஏழு விசிலுக்கும் முறைத்துக்கொண்டு கிடக்கும்.

அலமாரிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். இந்த மலையில் பல வீடுகளில் துணி அலமாரிக்கு அப்படி ஒன்று உண்டு, ஈரம் ஏறாமல் இருக்க. எங்கள் வீட்டில் அடுப்படி அலமாரிக்கும் உண்டு. கல்யாணமான புதிதில், பட்டப்பகலில் பூட்டின கதவுக்குள் எதற்கு விளக்கு என்று அணைத்துவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து அணைத்தேன், சிக்கனமான பெண் என்று பெயர் வாங்குவதற்காக. நாலாம் நாள் உப்பு தண்ணீராகி நின்றது. அவர்தான் என் கையைப் பிடித்து பல்புக்குப் பக்கத்தில் வைத்து, "வெளிச்சத்துக்கு இல்ல அம்மிணி, சூட்டுக்கு" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் தானாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதனால் பல்பும் மறக்கவில்லை, பாடமும் மறக்கவில்லை.

மறந்தது அவர்.

போன ஐப்பசியில் மகளுக்கு மஞ்சள் காமாலை. லீவு போட்டுக் கோவைக்கு ஓடினேன். பத்து நாள். இங்கே அந்தப் பத்து நாளும் மழை விடவில்லை. அவர் கடையில் பரோட்டா தின்று காலத்தை ஓட்டியிருக்கிறார். மகள் தேறினாள். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, நேராக ஆபீசுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்த ஐம்பது நிமிஷத்தைப் பற்றித்தான் நினைப்பு. ரவை உப்புமா, பதினைந்து நிமிஷம். மீதி முப்பத்தைந்தும் எனக்கு. பத்து நாள் பேச்சு பாக்கி இருந்தது.

அலமாரியைத் திறந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. ரவை டப்பாவைச் சாய்த்தால் ரவை விழவில்லை, கட்டியாக அடியிலேயே உட்கார்ந்திருந்தது. பொடியில் எல்லாம் பச்சைப் பூசணம். அப்பளம் துணி மாதிரி மடங்கியது. அரிசி பருப்பு டின்னைத் திறந்தால் மக்கின வாடை. உப்பைச் சொல்லவே வேண்டாம். இந்த ஊர் ஈரத்துக்கு மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஒன்றுதான். பல்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. எல்.இ.டி.

"ஏனுங்க, இந்த பல்ப யாரு மாத்துனது?"

"நாந்தான். பழசு பீஸ் போயிருச்சு. இது நல்ல வெளிச்சமா இருக்குதுன்னு..."

"வெளிச்சம் எதுக்குங்க? உள்ள உக்காந்து ரவை பாடம் படிக்குதா?"

அவர் எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வாய் நிற்காது.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் தூளக் காய வெக்கிற ஆளு. சொந்த ஊட்டு உப்பு கரையறது தெரியல. எப்படித் தெரியும்? இது உங்களுக்கு ஊடா இருந்தாத்தான? பகல்ல வந்து படுத்துட்டுப் போற லாட்ஜுதானுங்க இது உங்களுக்கு."

நான் டப்பா டப்பாவாகக் கொட்டினேன், கொட்டிக்கொண்டே திட்டினேன். ஐம்பது நிமிஷமும் அதிலேயே போயிற்று. ஏழே முக்காலுக்கு, "சரி அம்மிணி, கெளம்பறேன்" என்று வெறும் வயிற்றோடு மழையில் இறங்கிப் போனார். பத்து நாள் கழித்துப் பார்க்கிற புருஷனைப் பட்டினி போட்டு அனுப்பினேன். அந்தக் காலி அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் அவர் மேல் கோபத்தில், மிச்ச நேரம் என் மேல் கோபத்தில்.

அடுத்த மூன்று நாளும் வழியில் வாங்கி வந்த பொட்டலங்களை வைத்து ஆதியிலிருந்து சமைத்தேன். அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. தட்டுப் போடும்போது ஏழு முப்பத்தைந்து ஆகிவிடும்.

"உப்பு போதுங்களா?"

"போதும்."

எங்கள் குடித்தனம் அந்த மூன்று வார்த்தைக்குச் சுருங்கிவிட்டது. அவர் கண் சிவந்திருந்தது. உம்மென்று இருக்கிறார், இருக்கட்டும் என்று விட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரை வரும். அதற்குள் குக்கர் விசிலடிக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு வளைவில் தைல மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. அந்த இடத்தில் போனுக்குச் சிக்னலும் இல்லை. ஆள்கள் வந்து மரத்தை அறுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, கடிகாரத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் பட்டினியாகத்தான் போகப் போகிறார், அதற்கும் நானே காரணம் என்று மனசு அடித்துக்கொண்டது. படியேறி ஓடி வந்து கதவைத் தள்ளும்போது மணி ஏழரை.

அவர் ஃபேக்டரி ஜெர்க்கினைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் இரண்டு தட்டு. அரிசியும் பருப்பும் சாதம், ஆவி பறக்க. பருப்பு அதிகமாகிப் பொங்கல் மாதிரி இருந்தது. பக்கத்தில் பொரித்த அப்பளம்.

"உக்காரு அம்மிணி. ஆறிப்போயிரும்."

நான் உட்காராமல் அலமாரியைப் பார்த்தேன். கதவு இடுக்கில் பழைய மஞ்சள் வெளிச்சம். திறந்தால் கதகதவென்று சூடு முகத்தில் அடித்தது. குண்டு பல்பு. மார்க்கெட்டில் அஞ்சாறு கடை ஏறி இறங்கி, கடைசியில் கோழிக் குஞ்சுக்குச் சூடு காட்ட பல்பு விற்கிற கடையில் கிடைத்ததாம். "எத்தன குஞ்சுங்க?" என்று கடைக்காரர் கேட்க, இவர் "ஒண்ணே ஒண்ணு, ரொம்பக் கோவக்காரக் குஞ்சு" என்றாராம்.

டப்பாக்கள் எல்லாம் நிறைந்திருந்தன. பகலில் தூங்க வேண்டிய மனுஷன் நாலு நாளாக ரவை வறுத்திருக்கிறார். அது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. உப்பை ஃபேக்டரிக்கு வெளியே, விறகு போடுகிற அடுப்பு வாய்ப் பக்கம் வைத்துக் காய வைத்திருக்கிறார், எல்லாரும் நனைந்த கோட்டைக் காய வைக்கிற இடத்தில். உப்பில் லேசாகப் புகை வாசம். கண் சிவந்தது தூக்கமில்லாமல்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொரு டப்பாவிலும் தூள் சாம்பிளுக்கு ஒட்டுகிற வெள்ளைத் தாள் ஒட்டி, அவருடைய கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ரவை, மீதி 35. சேமியா, மீதி 38. அரிசி பருப்பு, மீதி 30. அவல், மீதி 42.

"மீதி முப்பத்தஞ்சுன்னா என்னதுங்க? கிராமா?"

"நிமிசம்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ சமைச்சு முடிச்சா நமக்கு மிஞ்சறது. தெனமும் பாத்துட்டுத்தான இருக்கறேன்."

இத்தனை நாளும் அந்த நிமிஷங்களை நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"லாட்ஜுன்னு சொன்னது தப்புங்க" என்றேன்.

"அதுல என்ன தப்பு? சோறு போடற லாட்ஜு. சாப்பிடு."

சாப்பிட்டோம். அவர் கிளம்பிப் போன பிறகு, கீழ்த்தட்டில் ஒரு டின் இருப்பதைப் பார்த்தேன். பேக்கரியில் வாங்கின வர்க்கி பிஸ்கட், நிறைய. மூடியில் ஒட்டியிருந்தது: வர்க்கி, மீதி 50.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. அடுப்பில் டீக்கு மட்டும் பாத்திரம் வைத்துவிட்டு, அந்த டின்னைத் திறந்தேன். அந்த மழையிலும் வர்க்கி மொறுமொறுவென்று உடைந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, பத்து நாள் கதையை முதலில் இருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது வர்க்கியை டீயில் நனைத்தவர், அதை வாயில் வைப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நாலு நாள் தூக்கம். டம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தேன். நான் அப்படிச் சேர்த்து வைத்த நேரம் முழுக்க அவர் குறட்டையிலேயே போயிற்று. கை மரத்துப்போனது. எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

ஏழே முக்காலுக்கு எழுப்பியிருக்க வேண்டும். ஏழு ஐம்பதுக்கு எழுப்பினேன்.